வாயைக் கட்டிய வாரத்தில் வந்த தட்டு

மல்லாங்கிணறு,
ஆவணி, வெள்ளிக்கிழமை, 2007.

எம். புதுப்பட்டியில் மகன் வீட்டில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும் நாத்தனார் வேலுத்தாய்க்கு, உன் அண்ணன் பெண்டாட்டி ராக்காயி எழுதுவது.

உன் உடம்பு, உன் மூட்டுவலி, உன் மகன் செல்லப்பாண்டி, பேரன் மணிமுத்து, நீ இன்னும் விற்காமல் வைத்திருக்கும் ஆடுகள் எல்லாம் சுகம்தானா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். இங்கே மழை இல்லை. புழுதி உழவு போட்டுவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உன் அண்ணன் மாலை போட்டுச் சுவரில் இருக்கிறார், அவருக்கு ஒரு குறையும் இல்லை. என் மகன் சின்னச்சாமி யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறான். அவன் தலையாட்டியதால்தான் இந்தக் கடிதாசியே.

நான் எழுதுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. உன்னிடம் சொல்ல வேண்டியதை வரப்பில் நின்று சொல்லியிருக்கிறேன். நீ புதுப்பட்டிக்குக் குடிபோன பிறகு போனில் சொல்லியிருக்கிறேன், பாதியில் நீ போனை வைத்ததையெல்லாம் ஞாபகத்திலும் வைத்திருக்கிறேன். இப்போது எழுதுகிறேன் என்றால், தொண்டையில் ஆபரேஷன் செய்து வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டதால். அந்த உத்தரவு உனக்கும் தெரியும். தெரிந்துதான் வந்தாய். ஆகையால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கொண்டுவந்த தாம்பூலத் தட்டு என் கையில் இருந்தது உண்மை. அதை நான் வாங்கினேன் என்று நீ எண்ணினால் அது உன் எண்ணம். பேச வழியில்லாதவள் கையில் தட்டைத் திணித்துவிட்டு நிச்சயம் முடிந்தது என்று வேன் ஏறிப் போவது எந்த ஊர் வழக்கம்? என் பேத்தி பாண்டிலட்சுமி மதுரையில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியன் படிப்பு படிக்கிறாள். இன்னும் ஒரு வருசம் இருக்கிறது. நீயோ உன் பேரன் மணிமுத்துவுக்கு அவளைக் கேட்டு, இந்தத் தீபாவளி லோடு எல்லாம் போய்ப் பட்டாசுக் கம்பெனிகள் சாத்திக் கிடக்கும் மாதத்திலேயே கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்கிறாய், முடிந்த பிறகு படிப்பும் வேண்டாம் வேலையும் வேண்டாம் என்கிறாய். அது நடக்காது. ஏன் நடக்காது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து படி.

என் குரல் கட்டியது போன பங்குனியில். முதலில் கரகரப்பு, பிறகு காற்று மட்டும் வந்தது, அதற்குப் பிறகு காற்றும் யோசித்து யோசித்து வந்தது. மிளகும் பனங்கற்கண்டும் தின்று பார்த்தேன். பாண்டிலட்சுமி லீவுக்கு வந்தவள் என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தான் படிக்கிற ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே காது மூக்குத் தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு கறுப்பு ஒயரை உள்ளே விட்டு, என் தொண்டையை டிவி பெட்டியில் காட்டினார். எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே இருப்பது உள்ளே இருக்க வேண்டும்.

டாக்டர் கேட்டார், "ஏம்மா, பள்ளிக்கூடத்துல வேலை பாத்தீங்களா? இல்ல, பாட்டு ஏதும் பாடுவீங்களா?"

"ரெண்டும் இல்லைங்க."

"ரொம்பக் கத்திப் பேசுறவங்களுக்குத்தான் குரல் நரம்புல இந்த மாதிரி முண்டு வரும். அதான் கேட்டேன்."

"எனக்கு ஒரு நாத்தனா இருக்கா."

"அவங்க என்ன செய்றாங்க?"

"ஆடு வளக்கா."

டாக்டர் பாண்டிலட்சுமியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். நான் பொய் சொல்லவில்லை, வேலுத்தாய். உன் சீதன நிலம் என் நிலத்துக்கு அடுத்தது. நீ இந்த ஊரில் இருந்த காலமெல்லாம் உன் ஆடு என் உளுந்தில் வாய் வைத்தது, நான் வரப்பில் நின்று கத்தினேன், நீ உன் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு காது கேட்காதவள்போல் புடைத்தாய். அந்தச் சத்தமெல்லாம் எங்கே போனது என்று நினைத்தாய்? எங்கும் போகவில்லை. என் தொண்டையில் ஊறிய உளுந்து அளவுக்கு இரண்டு முண்டாக உட்கார்ந்திருந்தது. குரல் நரம்புக்கு ஒன்று வீதம், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. உன் ஆடு தின்றது போக மிச்ச உளுந்து அதுதான்.

பிறகு அதே ஒயரை மூக்கிலிருந்து உருவும்போது டாக்டர் நின்றார். "மூக்குக்கு நடுவுல இருக்கிற சுவர் இடது பக்கமா வளைஞ்சிருக்கே. பழைய அடி மாதிரி தெரியுது."

"ஆமாங்க. கல்யாணமாகி வந்த முதல் பொங்கலுக்குக் கம்பு இடிச்சோம். எதுத்தாப்புல நின்னு உலக்கை போட்டவ குறி பாத்துப் போட்டுட்டா."

"யாரு?"

"ஆடு வளக்கான்னு சொன்னேனே."

"சரி, இப்போதைக்கு அதனால தொந்தரவு இல்ல. விட்டுடலாம்மா."

விட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லலாம். மூக்கு அவருடையது இல்லை.

இதில் பாண்டிலட்சுமி படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ அதைக் கத்தி எடுத்துக் கொடுக்கிற வேலை என்றாய். அவளுக்குப் பரீட்சை வந்தால் அவள் படிப்பது புத்தகத்தில் இல்லை, என் தலையில். பால்பாயிண்ட் பேனாவால் என் காதைச் சுற்றிக் கோடு போடுவாள், கன்னத்தில் அம்புக்குறி போடுவாள், தொண்டையில் வட்டம் போட்டு உள்ளே எழுதுவாள். அந்த மூஞ்சியோடு ஒரு நாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டேன். யாரும் என்னை வரிசையில் நிற்கச் சொல்லவில்லை, முதலில் வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், காதுக்குள் மூன்று சின்ன எலும்பு இருக்கிறதாம். ஒன்று சுத்தியல் மாதிரி, ஒன்று பட்டடைக் கல் மாதிரி, மூன்றாவது குதிரைக்காரன் கால் வைக்கிற வளையம் மாதிரி. உன் சொல் ஒவ்வொன்றும் எனக்கு ஏன் சம்மட்டி அடியாக விழுந்தது என்று அப்போது விளங்கியது. காதுக்கும் மூக்குக்கும் பின்பக்கமாக ஒரு குழாய் போகிறது. மூக்குக்குள் பக்கத்துக்கு மூன்று பரண் இருக்கிறது, போகிற காற்றைச் சூடாக்கி அனுப்ப. தொண்டையில் ஒரு மூடி. சோறு போகும்போது அது மூச்சுக் குழாயை மூடும், பேசும்போது திறக்கும். செல்லப்பாண்டி கல்யாணப் பந்தியில் நீ என்னைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டுப் புரையேறி, மூன்று பேர் உன் முதுகில் தட்டினார்களே, அன்றைக்கு எனக்காகப் பேசியது அந்த மூடிதான்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாதாம். உன் அம்மா எனக்குப் போட்டுவிட்டு, அது உனக்கு வர வேண்டியது என்று நீ அன்றிலிருந்து ஊரெல்லாம் சொல்லிவரும் அதே மூக்குத்தி. திருகு இறுகிப்போயிருந்தது. நர்சு எண்ணெய் விட்டு, சோப்பு விட்டு, கடைசியில் பாண்டிலட்சுமிதான் கழற்றினாள். கழற்றினவள் கையிலேயே இருக்கட்டும் என்று சொன்னேன். நீ இல்லாத இடத்தில் அது என்னை விட்டுப் பிரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

எப்படி ஆபரேஷன் செய்வார்கள் என்று பாண்டிலட்சுமியிடம் கேட்டேன். கழுத்தை அறுக்க மாட்டார்களாம். தலையைப் பின்னால் சாய்த்து, வாய் வழியாக ஒரு இரும்புக் குழலை உள்ளே நிறுத்தி, மேலே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, லேசர் என்கிற வெளிச்சத்தால் முண்டைச் சுட்டு எடுப்பார்களாம். என் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது, அது உள்ளே விழுந்துவிடாமல் பல்லுக்கு ஒரு உறை. இது எல்லாம் சரி. மூச்சுக்கு என்ன செய்வீர்கள் என்றேன். குழாய் வைத்துப் பிராணவாயு கொடுப்போம் என்றாள்.

நாம் பட்டாசு பார்க்காத ஊர்க்காரர்களா, வேலுத்தாய்? நெருப்பு ஒரு பக்கம், நெருப்புக்குத் தீனி போடுகிற காற்று ஒரு பக்கம், நடுவில் எரியக்கூடிய ஒரு குழாய். அவளிடமே கேட்டேன்.

"ஏத்தா, தொண்டைக்குள்ள தீப்பிடிக்காதா?"

"பிடிக்கும் அப்பத்தா. பிடிக்காம பாத்துக்கிடத்தான் நாங்க இருக்கோம்."

"என்ன பாப்ப?"

"குழாயச் சுத்தி ஈரப் பஞ்சு வைப்போம். ஒங்க கண்ணு மேல ஈரத்துணி, மூஞ்சியச் சுத்தி ஈரத்துணி. அது காயாம இருக்கணும். பக்கத்துல தண்ணி ஊசியோட நிக்கணும். உள்ள வச்ச பஞ்சு எத்தனையோ அத்தனையும் வெளிய வந்துச்சான்னு நாந்தான் சொல்லணும். ஒண்ணு உள்ள தங்கிருச்சுன்னா மூச்சு நின்னுரும்."

"டாக்டரு பாத்துக்கிட மாட்டாரா?"

"டாக்டரு கண்ணு பூதக்கண்ணாடிக்குள்ள இருக்கும். மத்த கண்ணு எங்களுது."

அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உப்பு எடுத்து வை என்று சொல்வதுபோல் சொன்னாள். என்னைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது பச்சை உடுப்பும் முகமூடியுமாக அஞ்சாறு பேர் நின்றார்கள், யார் எவர் என்று தெரியவில்லை. ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு, மேசையில் இருந்த சாமான்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, நேராக அடுக்கிக்கொண்டிருந்தாள். நம் வீட்டில் கரண்டியைக்கூட அப்படித்தான் அடுக்குவாள். அந்த முதுகைப் பார்த்தேன். "ஈரத்துணி வச்சாச்சா?" என்று டாக்டரைக் கேட்டேன். "வச்சாச்சும்மா" என்றார். முதுகும் தலையை ஆட்டியது. அதற்குப் பிறகு எனக்குப் பயம் இல்லை. மயக்க ஊசியிலும் நான் உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேனாம். திட்டினேனா கூப்பிட்டேனா என்று அவள் சொல்ல மறுக்கிறாள்.

கண் விழித்ததும் டாக்டர் சொன்னது: பேசக் கூடாது. மெதுவாகவும் பேசக் கூடாது. கிசுகிசுத்தால் கத்துவதைவிடக் கெடுதலாம். கனைக்கக் கூடாது. புண்ணான நரம்பு இரண்டும் ஒன்றோடொன்று உரசாமல் ஆற வேண்டும். அவருக்குச் சொல்வது சுலபம். கனைக்காமல் ஒரு மாமியார் அடுப்படிக்குள் எப்படி நுழைவது? சின்னச்சாமி எனக்குக் கூப்பிட ஒரு மணி கொடுத்தான். ஆட்டு மணி. உன் ஆடு ஒன்று என் கொல்லை வேலியில் அறுத்துப் போட்டுவிட்டுப் போனதே, அதே மணி. அதை ஆட்டி நான் வெந்நீர் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கடையில் ஒரு சிலேட்டும் வாங்கிக் கொடுத்தான்.

என் வாய் மூடியது தெரிந்ததும் ஊரே பார்க்க வந்தது. என்னைக் கண்டால் சந்து மாறிப் போகிறவர்கள் எல்லாம் வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, காபி குடித்து, மனதில் இருந்ததை எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். மேலத்தெருக்காரி ஒருத்தி, கோயில் கொடை விழாவில் நான் அவளைச் சொன்ன சொல்லுக்கு அன்றைக்குத் தோன்றாத பதிலை இப்போது யோசித்து வைத்துச் சொன்னாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எல்லாம் பத்திரமாக இருக்கிறது. குரல் வரட்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ ஏறிவந்த உன் பேரன் கம்பெனி வேன் வாசலில் நின்றது.

நீ இறங்கும்போதே சொன்னாய், "மதினி, பேசாதீக, பேசாதீக. டாக்டரு சொன்னத மீறக் கூடாது. நாங்க பேசிக்கிடுதோம், நீங்க கேட்டுக்கிட்டு இருங்க." இத்தனை வருசத்தில் என் உடம்பின் மேல் உனக்கு வந்த முதல் அக்கறை. பின்னால் தட்டு தட்டாகப் பெண்கள் இறங்கினார்கள். பழம், பூ, தேங்காய், பட்டுச் சேலை. உடம்பு விசாரிக்க வருகிறவர்கள் பட்டுச் சேலை கொண்டுவருவார்களா? நான் சின்னச்சாமியைப் பார்த்தேன். அவன் தேங்காயைப் பார்த்தான்.

உட்கார்ந்த வாக்கில் நீ ஆரம்பித்தாய். "புள்ளைக்கும் வயசு ஆகுது. இந்தத் தீபாவளி லோடு போயிக் கம்பெனியச் சாத்துனதும் முகூர்த்தத்த வச்சிருவோம். இத விட்டா இன்னொரு சீசன் முழுக்கக் காத்துக் கெடக்கணும். சீசன்ல அவனுக்கு லீவும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

சின்னச்சாமி என் மகன் என்பதை ஒரு நிமிசம் காட்டினான். "படிப்பு இன்னும் ஒரு வருசம் இருக்கே அத்தை."

"படிச்ச வரைக்கும் போதும்டா. கத்தி எடுத்துக் குடுக்கதுக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்பு? எங்க வீட்டுல வந்து அருவாமணைய எடுத்துக் குடுக்கட்டும்."

உன்னோடு வந்த பெண்கள் சிரித்தார்கள். சின்னச்சாமியும் சிரித்தான், தலையையும் ஆட்டினான். பாண்டிலட்சுமி காபித் தட்டோடு நிலைப்படியில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

நான் சிலேட்டை எடுத்தேன். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் நியாயம் விளங்கும் என்பதால் கம்பு இடித்த பொங்கலில் ஆரம்பித்தேன். உலக்கை வந்தது, மூக்கு வந்தது, மூக்குத்தி வந்தது. ஆடு வரப்பைத் தாண்டும் இடத்தில் சிலேட்டு நிறைந்துவிட்டது. கல்யாணத்துக்கு வரவே இல்லை. நீ அதை என் கையிலிருந்து வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சபையில் என்ன சொன்னாய்? "மதினி பழைய காலத்த எல்லாம் எழுதியிருக்காக. பாசம்." சொல்லிவிட்டு முந்தானையால் துடைத்து என் மடியில் வைத்தாய். இத்தனை வருசக் கணக்கு உன் முந்தானையில் சுண்ணாம்பாக ஒட்டிக்கொண்டு போனது.

உடனே தட்டை எடுத்து நீட்டினாய். பெண் வீட்டில் மூத்தவள் தட்டைக் கையில் வாங்கினால் பேச்சு முடிந்தது, அதற்கு மேல் யாரும் திருப்ப முடியாது என்பது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நான் வேண்டாம் என்று தள்ளத்தான் இரண்டு கையையும் நீட்டினேன். நீ விட்டுவிட்டாய். தேங்காயோடு தட்டு கீழே விழுந்தால் அபசகுனம் ஆகுமே என்று பிடித்தேன். பிடித்தவுடன் உன் பெண்கள் குலவை போட்டார்கள். என் கையில் சிலேட்டுக் குச்சி ஒரு பக்கம், வெற்றிலை ஒரு பக்கம். "மதினிக்குச் சம்மதம். ஒரு சொல்லு மறுத்துச் சொல்லலியே," என்றாய். நான் என்னத்தைச் சொல்ல? ஆட்டு மணியை ஆட்டினேன். மங்கலமாக இருக்கிறது என்றார்கள்.

உன் பேரனைப் பற்றியும் எனக்குக் குறை உண்டு. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற இடத்துக்குப் போர்மேன் என்கிறாய், பத்துப் பேருக்கு உத்தரவு போடுகிறவன் என்கிறாய். அப்படிப்பட்டவன், நீ தட்டை எடுப்பதற்கு முன்பே, சபையில் மூத்தவர்கள் இருக்கும்போது, சாமி படத்துக்குப் போட்ட சாம்பிராணிக் கரண்டியை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். "ஆச்சிக்குத் தொண்டையில புண்ணு, புகை ஆகாது," என்று வேறு போகிற போக்கில் சொன்னான். நல்ல காரியத்தில் சாம்பிராணியை வெளியே கொண்டுபோகிற மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. நான் வாயைத் திறந்து இருமக்கூட இல்லை. கண்தான் கொஞ்சம் கலங்கியிருந்தது. அதை இவன் எப்போது பார்த்தான்?

அதோடு போகட்டும் என்றால், பந்தி நடக்கும்போது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று பாண்டிலட்சுமியோடு பேசிக்கொண்டிருந்தான். எனக்கு வாய்தான் இல்லை, காதில் சுத்தியலும் பட்டடையும் நன்றாகவே வேலை செய்கின்றன. பரிசம் போட வந்தவன் சேலை பிடித்திருக்கிறதா என்று கேட்பான், சினிமா பார்ப்பாயா என்று கேட்பான். இவன் கேட்டது இது.

"தொண்டைக்குள்ள லேசர் வைக்கையில வச்ச பஞ்சு காஞ்சிருச்சுன்னா என்ன செய்வீக?"

"காய விடக் கூடாது. அதப் பாத்துக்கிடதுதான் என் வேல."

"எங்க மருந்து ரூம்புலயும் வாசல்ல ஈரச் சாக்கு கெடக்கும். எல்லாரும் மருந்தத்தான் பாப்பாக. சாக்கு காஞ்சிருச்சான்னு ஒருத்தரும் பாக்க மாட்டாக. நாந்தான் போயிப் போயித் தொட்டுப் பாப்பேன். கிறுக்கன்னு பேரு."

"எனக்கும் அதே பேருதான். பஞ்ச எண்ணிக்கிட்டே இருக்கான்னு."

பிறகு அவன் சொன்னான், "படிப்ப முடிக்காம பாதியில விட்டா எப்படி? அடுத்த வருசத் தீபாவளிக்கும் கம்பெனியச் சாத்தத்தான செய்வாக."

கேட்டாயா? உன் பேரன் சொன்னது. அடுத்த தீபாவளி வரைக்கும் காத்திருக்கலாம் என்று அவன் தண்ணீர்த் தொட்டியிடம் சொல்கிறான், உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. வெடிமருந்துக்குப் பயப்படாதவன் உனக்குப் பயப்படுகிறான். உன் வளர்ப்பு அப்படி.

ஆகையால் என் முடிவு இது. அந்தத் தட்டு செல்லாது. சம்மதம் என்பது வாயால் சொல்வது, என் வாய் அன்றைக்கு டாக்டர் வசம் இருந்தது. சம்மதம் வேண்டுமானால் பாண்டிலட்சுமி படிப்பை முடித்து, பரீட்சை எழுதி, அடுத்த வருசம் கம்பெனி சாத்துகிற மாதத்தில் கல்யாணம் என்று நீ ஒத்துக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு சிவகாசியிலோ விருதுநகரிலோ எந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தாலும் அவள் போவாள். அருவாமணையை உன் வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கட்டும். உலக்கை விசயத்தில் நீ வாய் தவறியாவது ஒரு வார்த்தை வருத்தம் சொல்ல வேண்டும், அதை நான் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் அது இல்லாமல் நடக்காது. மூக்குத்தி பாண்டிலட்சுமிக்குத்தான், அவள் உன் வீட்டுக்கு வந்தால் அது உன் வீட்டுக்கு வந்ததாக நீ கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. இதற்கெல்லாம் நீ இணங்காவிட்டால் பட்டுச் சேலையும் தட்டும் திரும்பி வரும். பழத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டோம், வெயிலுக்குக் கெட்டுவிடும் என்பதால். தேங்காயில் சட்னி அரைத்தது மருமகள், என்னைக் கேட்கவில்லை.

மணிமுத்துவுக்கு என் ஆசீர்வாதம், மருந்து ரூமில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல். செல்லப்பாண்டிக்கும் அவன் பெண்டாட்டிக்கும் விசாரிப்பு. உன் மூட்டு வலிக்கு நொச்சி இலையை வதக்கிக் கட்டு, சொன்னால் கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். உன் அண்ணன் சுவரிலிருந்து உன்னை வாழ்த்துகிறார், அவருக்கு எப்போதும் உன் பக்கம்தான்.

இப்படிக்கு,
இன்னும் வாய் திறக்காத உன் மதினி
ராக்காயி

பின் குறிப்பு: மேலே உள்ளதை மடித்து ஒட்டப் போகும்போது, சந்தைக்கு வந்த உன் ஊர்க்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பேசாதவளிடம் எல்லாவற்றையும் சொல்கிற வழக்கப்படி இதையும் சொன்னாள். நீ புதுப்பட்டிக் குழாயடியில் நின்று, "மதினி வாயக் கட்டுன வாரமாப் பாத்துப் போயிக் காரியத்த முடிச்சேன். வாய் இருந்தா நடந்திருக்குமா?" என்று சொல்லிச் சிரித்தாயாம். இதை நான் கேட்காமல் இருந்திருந்தால் கடிதாசி அத்தோடு முடிந்திருக்கும். இப்போது முடியாது.

நீ வந்தது ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சனிக்கிழமை நான் பாண்டிலட்சுமியோடு மதுரைக்குப் போயிருந்தேன். டாக்டர் மறுபடி ஒயரை விட்டுப் பார்த்துவிட்டு, புண் ஆறிவிட்டது, இனி பேசலாம், அளவாகப் பேசுங்கள் என்றார். ஆ என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். கல்யாணமாகி வந்த புதிதில் இருந்த குரல் வந்தது. பாண்டிலட்சுமிக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் சொல்லாதே, கொஞ்ச நாளைக்கு இப்படியே இருந்து யார் யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்கிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொண்டாள்.

அதனால் நீ தட்டை நீட்டியபோது என் தொண்டையில் குரல் இருந்தது. புதுக் குரல். உன் பெண்கள் குலவை போடாமலே வேனில் ஏறும் அளவுக்குச் சத்தம் போட்டிருக்கலாம். நீ துடைத்துக் கொடுத்த சிலேட்டு என் மடியில் காலியாக இருந்தது, மாட்டேன் என்று எழுத எனக்குத் தெரியும். நான் பாண்டிலட்சுமியைப் பார்த்தேன். என்னால் பேச முடியும் என்று தெரிந்த ஒரே ஆள் அவள். வேண்டாம் என்றால் கண்ணைக் காட்டியிருப்பாள். அவள் சாம்பிராணிக் கரண்டி போன வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினேன். தள்ளுவதற்கு இல்லை.

படிப்பு, வேலை, அடுத்த வருசத் தீபாவளி, உலக்கை, இவற்றில் எதையும் நான் விடவில்லை. அதைப் பற்றி இனி எழுதவும் மாட்டேன். புதன்கிழமை பஸ்ஸில் வருகிறேன், உன் வாசலில் நின்று, புதுப்பட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்கிறேன். அளவாகப் பயன்படுத்தினால் இந்தக் குரல் என் காலம் வரைக்கும் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னொன்று. நீ தட்டைக் கொடுத்ததாக இனிமேல் குழாயடியில் சொல்லாதே. வாங்கினது நான்.